பதினோரு வாசல், ஒரே அடுப்பு

சமைப்பதிலிருந்து தப்பிக்க அவள் கப்பலேறவில்லை. என்ன சமைப்பது என்று யோசிப்பதிலிருந்து தப்பிக்கத்தான் ஏறினாள். இரண்டும் ஒன்றல்ல. சமையல் கைவேலை, கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டுப் போகும். யோசிக்கத்தான் ஆள் வேண்டும். அந்த வீட்டில் அதற்கென்று இருந்த ஒரே ஆள் அவள்.

ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவளுடைய உத்தியோகம். வருகிறவரை இருட்டறையில் உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, அதில் வட்டக் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்க வேண்டும். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இதே கேள்வி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி அவள் பக்கம் திரும்பிவிடும். "இன்னிக்கு என்ன?" என்பான் கணவன். "அதுவா?" என்பாள் மகள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே, "நாளைக்கு என்ன?"

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நல்ல மனிதன். குரலை உயர்த்த மாட்டான். தன் கருத்தை யார்மீதும் திணிக்க மாட்டான். திணிக்க ஒரு கருத்து இருந்தால்தானே. எதைக் கேட்டாலும் "உனக்கு எது சரின்னு படுதோ அது" என்பான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இல்லறத்தை ஓட்டிக்கொண்டு வந்தான். மகளுக்குப் பதினாறு வயது. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுவாள் என்று வீட்டில் பட்டாசு என்று கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது. கொஞ்ச காலமாகப் பட்டாசு நமத்துப் போயிருந்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருவாள், தட்டில் பாதியை ஒதுக்குவாள், எழுந்து போய்விடுவாள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

லிஃப்ட் கம்பெனி, நீண்ட நாள் உழைத்தவர் என்று அவனுக்கு ஒரு பரிசு அறிவித்தது. சுவர்க்கடிகாரம், அல்லது குடும்பத்தோடு ஒரு வாரக் கப்பல் பயணம். "எது எடுக்கலாம்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டான். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கப்பல்காரர்களின் விளம்பரத்தைப் படித்தாள். 'நீங்கள் உட்காருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று போட்டிருந்தது. கடல் தனக்குப் பிடிக்குமா என்று நினைத்துப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. அங்கே ஏதோ இருப்பது தெரிந்தது, உணர்ச்சி இல்லை. எதைப் பற்றி நினைத்தாலும் இப்போதெல்லாம் அப்படித்தான்.

"கப்பல்" என்றாள்.

கப்பல், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டது போல இருந்தது. ஏறியவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு அறையைத் தேடிப் போனார்கள். போக விடவில்லை. எல்லோரும் முதலில் உணவுத் தேர்வு மண்டபத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கி அன்பாக மிரட்டியது. மண்டபத்தில் வெள்ளைச் சீருடை அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தோளில் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் தங்க நூலில் முள்கரண்டி. ஒரு முள்கரண்டி என்றால் அதிகாரி, இரண்டு என்றால் மேலதிகாரி, மூன்றும் குறுக்கே ஒரு கத்தியும் என்றால் இயக்குநர் என்பது போகப்போகத் தெரிந்தது.

இவர்களுக்கு வாய்த்தவர் ஒற்றை முள்கரண்டி.

"வாங்க, வாங்க. இந்தக் கப்பல்ல நீங்க எதுக்குமே கவலைப்பட வேண்டாம். முடிவு மட்டும் எடுத்தா போதும்" என்றார். "உங்க குடும்பத்துல உணவுப் பொறுப்பாளர் யாரு?"

கணவன் அவளைக் கை காட்டினான். பட்டாசு கையிலிருந்த செல்லிலிருந்து தலையைத் தூக்காமலே அதே திசையில் விரலை நீட்டினாள். அதிகாரி எழுந்து நின்று அவள் சட்டையில் 'பொறுப்பாளர்' என்று எழுதிய ஒரு வில்லையைக் குத்தினார். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"மூணு ஏற்பாடு இருக்குங்க. முதல் பந்தி, ரெண்டாம் பந்தி, எப்ப வேணும்னாலும் பந்தி. எப்ப வேணும்னாலும் பந்தியில எப்ப வேணும்னாலும் வரலாம். எப்ப வருவீங்கன்னு மட்டும் முந்தின நாளே சொல்லிடணும்."

"எது கூட்டம் குறைச்சலோ அதைக் குடுங்க."

"அப்படிச் சொன்னா எப்படி? அடுத்து, தனி மேசையா, பொது மேசையா? ஜன்னல் ஓரமா, தூண் ஓரமா? கப்பல் ஆடும்போது தட்டு உங்களைப் பார்த்து வரணுமா, எதிர்ல இருக்கறவரைப் பார்த்துப் போகணுமா?"

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "இங்க பாருங்க சார். நீங்க எங்க உட்காரச் சொல்றீங்களோ அங்க உட்கார்றோம். எதைப் போடுறீங்களோ அதைச் சாப்பிடுறோம். எனக்கு அது போதும்."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி, 'என்னை அடியுங்கள்' என்று கேட்டுவிட்டது போல அவளைப் பார்த்தார். "அந்த மாதிரி ஒரு ஏற்பாடு எங்ககிட்ட இல்லீங்களே. எங்க விருந்தினரை நாங்க அப்படியெல்லாம் அவமானப்படுத்த மாட்டோம்."

கணவன் குனிந்து அவள் காதில், "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லிடேன்" என்றான்.

முதல் பந்தி, தனி மேசை, தூண் ஓரம் என்று சொல்லிவைத்தாள். அடுத்த சிக்கல் பட்டாசு. சின்னப் பிள்ளைகளுக்குக் கரடி பொம்மை உணவகம் இருந்தது. பெரியவர்களுக்குப் பந்தி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இளையோர் சுதந்திர உணவகம். பெற்றோர் அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது. முழுச் சுதந்திரம். ஆனால் ஒவ்வொரு வேளையும் பொறுப்பாளர் வாசலுக்கு நேரில் வந்து, 'இந்தச் சுதந்திரத்துக்குச் சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாப் போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"சுதந்திரத்தை மொத்தமாத் தூக்கிக் குடுக்க முடியாதுங்க. வேளா வேளைக்குத்தான் குடுக்கணும்."

அவள் மகளைப் பார்த்தாள். "நீ எங்க சாப்பிடுற? எங்ககூடயா, அங்கயா?"

"எங்கயோ" என்றாள் பட்டாசு. கொஞ்சம் யோசித்து, "உங்ககூட வேணாம்" என்றாள்.

அதிகாரி மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் ஒருவராவது தெளிவாகப் பேசுகிறாரே என்று.

முதல் நாள் கையெழுத்து சீக்கிரம் முடிந்தது. சாப்பாட்டுக்கு மேசையில் உட்கார்ந்ததும், கறுப்புக் கோட்டுப் போட்ட பரிமாறுபவர் வந்து குனிந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் யாரோ பின்னால் நிற்பது போலவே நிற்பார்.

"தண்ணி எப்படிம்மா? குளிர்ந்ததா, சாதாரணமா, குமிழி வர்றதா?"

"எது கைக்கு எட்டுதோ அது."

அவர் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தினார். "தயவுசெஞ்சு ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்கம்மா. நீங்க சொல்லலேன்னா நான் சரியாக் கேக்கலைன்னு ஆயிடும். போன பயணத்துல ஒருத்தர் 'பசிக்குதுப்பா, ஏதாவது கொண்டா'ன்னார். நானும் மனசு இளகிக் கொண்டுபோய் வச்சுட்டேன். ரெண்டு மாசம் துணி துவைக்கிற தளத்துல போட்டுட்டாங்க."

அவள் குமிழி வருவதைச் சொன்னாள். அவர் கண்ணில் நன்றி தெரிந்தது. பிறகு ரொட்டியில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் சொன்னார். வெண்ணெயின் வகைகள், உப்பின் வகைகள், கத்தியின் வகைகள். மீனா, கறியா, காய்கறியா. மீன் என்றால் தலையோடா, தலையில்லாமலா. கணவன் மெனு அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். "நீ என்ன எடுக்கிற?" என்று கேட்டான். அவள் சொன்னாள். "அப்போ எனக்கும் அதே" என்றான். ஒரே மேசையில் இரண்டு பேர் ஒரே பண்டம் கேட்டால் அதற்கு மேற்பார்வையாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. தட்டு வந்தபோது ஆறியிருந்தது. முதல் வாய் எடுத்து வைத்ததும் இன்னொருவர் வந்து நின்றார்: நாளைய வேளைகளுக்கான தேர்வை இன்று சாப்பிடும்போதே முடித்துவிட வேண்டும்.

"இன்னிக்குச் சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு தெரியாம நாளைக்கு எப்படிங்க?"

"அதுக்குத்தான் நாளன்னிக்கு இருக்கே" என்றார் அவர்.

மறுநாள் காலை அறைக் கதவின் அடியில் ஓர் அட்டை கிடந்தது. அவள், 'முடிவெடுக்கத் தயங்கும் விருந்தினர்' என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதாகவும், தேர்வு ஆலோசகரைச் சந்திக்க அன்போடு அழைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. ஆலோசகர் இரட்டை முள்கரண்டி. மெத்தை நாற்காலி, மங்கிய விளக்கு, மென்மையான குரல். அவள் முகத்துக்கு நேராக சூப் படங்களைக் காட்டினார்.

"இந்த சூப் மனசுக்கு நெருக்கமா இருக்கா, முன்னாடி காட்டினது நெருக்கமா இருந்துச்சா?"

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் நாற்காலியில் உட்காரும் வாடிக்கையாளர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நாலைந்து சில்லுகளுக்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்தச் சட்டத்தை மூக்கிலிருந்து கழற்றினால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பாள். அதுதான் வேலை.

"இது" என்றாள். அடுத்த படத்துக்கு, "அது" என்றாள். மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனாள்.

ஆலோசகர் பூரித்துப் போனார். "பார்த்தீங்களா? உங்களுக்குள்ள எவ்வளவு விருப்பம் புதைஞ்சு கிடக்கு! எங்க இயக்குநர் அடிக்கடி சொல்வார். மத்த கப்பல்காரங்க சாப்பாடு போடுறாங்க, நாம விருப்பத்தைப் போடுறோம்னு. இந்தக் கப்பல்ல மொத்தம் பதினோரு உணவகம் இருக்கு, தெரியுமா? பதினோரு வாசல், பதினோரு பெயர்ப் பலகை, பதினோரு விதமான மேசை விரிப்பு."

"சமையல் எத்தனை இடத்துல நடக்குது?" சமைக்கிறவள் என்பதால் அது அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

"ஒரே இடத்துலதான். ஒரே அடுப்பு. பின்ன, பதினோரு அடுப்பு வைக்க இடம் ஏது? இடத்தையெல்லாம் வாசலுக்குக் குடுத்துட்டோமே."

"அப்போ எல்லா இடத்துலயும் ஒரே சூப்பா?"

ஆலோசகருக்கு அந்தச் சொல் வலித்தது. "ஒரே சூப்புன்னு சொல்லக் கூடாதும்மா. ஒரே அண்டா. கிண்ணம் வேற வேற. நீங்க எந்தக் கிண்ணம்கிறதுதானே உங்க ஆளுமை."

அவளுக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. எங்கே என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்குள் சம்மதக் கையெழுத்துக்கு நேரமாகிவிட்டது. இளையோர் சுதந்திர உணவகத்தின் வாசலில் ஒரு கவுண்டர், அதன் முன்னால் பெற்றோர்களின் வரிசை. வரிசை நடைபாதை முழுக்க வளைந்து, மாடிப்படி இறங்கி, நீச்சல் குளத்தைச் சுற்றிப் போனது. முதலில் பிள்ளையின் அட்டை, பிறகு பொறுப்பாளர் வில்லை, பிறகு இந்த வேளை அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம்: அரையா, முக்காலா, முழுசா. கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது பெரியவர்களின் முதல் பந்தி முடிந்திருக்கும். இரண்டாம் பந்தியில் உட்கார அவளுக்கு உரிமை இல்லை. அவள் வராமல் கணவனும் எதையும் கேட்க முடியாது. பொறுப்பாளர் இல்லாத மேசைக்கு ரொட்டி மட்டும் தருவார்கள். அவன் ரொட்டியைத் தின்றுவிட்டு, கப்பலின் லிஃப்டுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"நாலாவது லிஃப்ட் கதவு ஒரு நொடி தயங்கித்தான் மூடுது" என்று அறைக்கு வந்து சொன்னான். பயணத்தில் அவன் சொந்தமாகச் சொன்ன முதல் கருத்து அது.

இப்படியே வேளைகள் கழிந்தன. அவள் பசியைப் பெரிதாக உணரவில்லை. வரிசையில் நின்றாள், நகர்ந்தாள், நின்றாள். பட்டாசு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று தாயைப் பார்ப்பாள். கவுண்டரில் முத்திரை விழுந்ததும் திரும்பிக்கொள்வாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் அன்றாடம் நடந்த பேச்சுவார்த்தை.

ஒரு மதியம் கவுண்டருக்கு முன்னால் அவள் விழுந்துவிட்டாள். விழுந்தாள் என்பது பெரிய வார்த்தை. உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், அரையா, முழுசா?"

படுத்த நிலையில் இருப்பவர் நேரில் வந்ததாகக் கணக்கா என்று அவர் மேலதிகாரியிடம் கேட்கப் போனார். பின்னால் நின்ற ஒரு தகப்பன், "யாராவது தூக்குங்கய்யா" என்றார். "தலைப்பக்கமா, கால்பக்கமா?" என்று கேட்டார் காவலாளி. அவரும் அந்தக் கப்பலில்தான் பயிற்சி பெற்றவர்.

மருத்துவ அறை கப்பலின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சில கட்டில்கள், ஒரு தொட்டி, இயந்திரத்தின் ஓயாத முனகல். அவள் கண் விழித்தபோது, தடித்த நர்ஸம்மா ஒருவர் தட்டோடு வந்து கட்டிலின் மேல் பலகையை இறக்கினார். ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு துண்டு ரொட்டி, வேகவைத்த முட்டை ஒன்று.

"சாப்பிடுங்க" என்றார்.

அவள் காத்திருந்தாள். நர்ஸம்மா வேறு எதுவும் சொல்லவில்லை.

"எதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"எதுன்னா?"

"கஞ்சியா, வேற ஏதாவதான்னு."

"ஆஸ்பத்திரியில என்னத்தைம்மா கேக்குறது? குடுத்ததைச் சாப்பிட வேண்டியதுதான். சீக்கிரம் முடிங்க, தட்டு கழுவணும்."

கஞ்சியில் உப்பில்லை. முட்டை ரப்பர் போல இருந்தது. அவள் கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். அந்த அன்பில்லாத தட்டை அவள் முன்னால் வைத்த மாதிரி யாரும் எதையும் வைத்து எத்தனையோ காலமாகியிருந்தது.

சாயங்காலம் பட்டாசு வந்தாள். கையில் சம்மத அட்டை. "கையெழுத்து" என்று நீட்டியவள், கட்டிலில் தாய் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அட்டையை மடித்துக்கொண்டாள். காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"ஏன்மா மயங்கி விழுந்த?"

"சாப்பிடல."

"ஏன் சாப்பிடல?"

"உனக்குக் கையெழுத்துப் போடுற வரிசையில நின்னா என் பந்தி முடிஞ்சுடும்."

பட்டாசு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "நானும் அங்க சாப்பிடலம்மா" என்றாள். "அங்க எல்லாரும் முதல் நாளே கூட்டு சேர்ந்துட்டாங்க. ஒரு மேசையில போய் உட்கார்ந்தேன், இடம் பிடிச்சு வச்சிருக்கோம்னாங்க. அப்புறம் நான் உட்காரவே இல்ல. நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போனதும் வெளிய வந்து பிஸ்கட் தின்னுட்டுப் படுத்துடுவேன்."

"அப்புறம் எதுக்குடி என்னை வேளாவேளைக்கு வர வச்ச?"

"நீ வந்து நிப்பியே" என்றாள் பட்டாசு. "கப்பல் முழுக்கத் தெரிஞ்ச முகம் அது ஒண்ணுதான்."

அழுகை வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. கையை மட்டும் நீட்டி மகளின் முழங்காலைத் தொட்டாள்.

"அம்மா, உனக்கு என்ன பிடிக்கும்? சொல்லு, எங்கயாவது போய் வாங்கிட்டு வரேன்."

"நீயுமா? கேக்காதடி. தயவுசெஞ்சு கேக்காத."

"இல்லம்மா, நெஜமாவே எனக்குத் தெரியல. அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு தெரியும். உனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றாள் அவள்.

பட்டாசு எழுந்து நர்ஸம்மாவிடம் போய்த் தனக்கு வயிற்றுவலி என்றாள். நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கட்டிலைக் காட்டினார். கஞ்சி, ரொட்டி, முட்டை வந்தது. பட்டாசு ஒரு பருக்கை ஒதுக்கவில்லை. ரொட்டிக்கு மட்டுமே பழகிப்போயிருந்த கணவன் இருவரையும் தேடி வந்தான், நிலைமையைப் பார்த்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கட்டிலில் சாய்ந்தான். அவனுக்கும் அதே தட்டு வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே பண்டத்தை, யாரையும் யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டார்கள். முட்டையைக் கீழே போட்டால் எவ்வளவு உயரம் எழும்பும் என்று கணவன் யோசனையாகச் சொன்னான். பட்டாசு போட்டே பார்த்தாள். நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினாள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், தோழிகள், கணக்கு டீச்சரின் செருப்புச் சத்தம் என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள்.

இந்த மாதிரி விஷயம் எங்கே ஒளிந்திருக்கும்? பக்கத்து அறைக்காரருக்கு வயிற்றுவலி வந்தது. அவருடைய மாமியாருக்குத் தலைசுற்றல். சுதந்திர உணவக வரிசையில் நின்ற பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாக இருமிக்கொண்டு படியிறங்கினார்கள். கட்டில்கள் நிரம்பி, நடைபாதையில் பாய் விரித்தார்கள். மேலே பதினோரு உணவகங்களில் பரிமாறுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தண்ணீர் எப்படி வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

மூன்று முள்கரண்டியும் குறுக்குக் கத்தியுமாக இயக்குநரே இறங்கி வந்தார். கூடவே இரட்டையும் ஒற்றையுமாக ஒரு கூட்டம். கட்டில்களுக்கு நடுவே நின்று கைகூப்பினார்.

"அன்பான நோயாளிகளே! இதை எங்க தோல்வின்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. இது எங்களோட பன்னிரண்டாவது வாசல்! எதையும் தேர்ந்தெடுக்க விரும்பலைன்னு சொல்றதும் ஒரு தேர்வுதானே? அதை இத்தனை நாளா நாங்க விக்காம... குடுக்காம விட்டுட்டோமேன்னு நேத்து முழுக்க எனக்குச் சோறு இறங்கல. இன்னியிலேருந்து இந்த இடம் 'தேர்வில்லா உணவகம்'. இங்கே உங்களை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. படுத்த நிலையா, சாய்ந்த நிலையா, சக்கர நாற்காலியான்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடணும். மருந்து வாசனை வேணுமா, வேணாமா. கனிவான நர்ஸா, கண்டிப்பான நர்ஸா. அவ்வளவுதான்."

"உண்மையிலேயே உடம்பு முடியாம வர்றவங்களை நான் எங்க சார் படுக்க வைக்கிறது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"அவங்க முதல்ல எந்தப் பந்தின்னு முடிவு பண்ணட்டும்" என்றார் இயக்குநர். பிறகு அவளுடைய கட்டிலின் பக்கம் திரும்பினார். "அம்மா, எங்க கண்ணைத் திறந்தவங்க நீங்க. இந்த உணவகத்தோட முதல் விருந்தினர் நீங்கதான். சொல்லுங்க. படுத்தா, சாய்ந்தா?"

ஒற்றை முள்கரண்டிக்காரர் பேனாவைத் திறந்தார். இயந்திரம் முனகியது. கணவன் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்து, மகளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. படுப்பதும் சாய்வதும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன.

"அவங்களுக்கு நான் சொல்றேன்" என்றாள் பட்டாசு.

"பொறுப்பாளர்தாம்மா சொல்லணும். உனக்கு இன்னும் வயசு வரல."

"அவங்க நோயாளி. நோயாளியால முடியலேன்னா பக்கத்துல இருக்கறவங்க சொல்லலாம். அதானே நர்ஸம்மா?"

நர்ஸம்மாவுக்குக் கட்டில் காலியானால் போதும். "சொல்லலாம். எங்க பக்கம் அதுதான் வழக்கம்" என்றார்.

"அப்போ கேட்டுக்கோங்க. எங்க அம்மா படுக்கவும் மாட்டாங்க, சாயவும் மாட்டாங்க. மேல போய் நாற்காலியில உட்கார்ந்து சாப்பிடுவாங்க. இனிமே அவங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. என்கிட்ட கேளுங்க. நான் அவங்ககூடத்தான் உட்காருவேன், கையெழுத்தெல்லாம் கிடையாது."

இயக்குநர் கூட வந்தவர்களைப் பார்த்தார். இதற்கு விதி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. "இதுவும் ஒரு வாசல்தான்" என்று யோசனையோடு சொன்னார். பதின்மூன்றாவது என்று ஒற்றை முள்கரண்டி குறித்துக்கொண்டது.

பெரிய சாப்பாட்டு அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அந்த ஒல்லிப் பரிமாறுபவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்து அவள் பக்கம் குனிந்தார். "இங்க" என்று பட்டாசு மேசையைத் தட்டினாள். அவர் கேட்கக் கேட்க இவள் தயங்காமல் சுட்டுத் தள்ளினாள். தண்ணி? சாதாரணம். ரொட்டி? வேண்டாம். உப்பு? இருக்கிறது. மீன்? தலையில்லாமல். கத்தி? வெட்டுகிறது. பரிமாறுபவர் அவளைக் கும்பிடாத குறை.

"எனக்கும் நீயே சொல்லிடும்மா" என்றான் கணவன்.

"அப்பா, உங்களுக்கு வாய் இருக்கில்ல? நீங்களே சொல்லுங்க."

அவன் மெனு அட்டையை நேராகப் பிடித்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். நெற்றி வியர்த்தது. கடைசிப் பக்கம்வரை போனான், திரும்ப முதலுக்கு வந்தான். மற்ற மேசைகளில் பழம் வந்துவிட்டது. "முட்டை" என்றான் ஒருவழியாக. சொல்லிவிட்டு, கனத்த கதவு ஒன்றை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டியவன் போல நாற்காலியில் சாய்ந்தான்.

அவளுக்கு முன்னால் தட்டு வந்தது. பொரித்த மீன், மசித்த உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஒரு குவியல் பச்சைப் பட்டாணி. அவளைக் கேட்டு வந்ததல்ல, வந்தது, அவ்வளவுதான். மீனைச் சாப்பிட்டாள். உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாள். பிறகு ஒரு கரண்டி பட்டாணியை வாயில் போட்டாள். தோல் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கமாகப் பிரிந்து, அசட்டு இனிப்போடு தொண்டைக்குள் போக மறுத்தது. அவள் முகம் கோணியது. சந்தேகத்துக்கு இன்னொரு கரண்டி போட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. எத்தனை வருடமாக இதை உரித்திருக்கிறாள், வேகவைத்திருக்கிறாள், மிஞ்சியதையெல்லாம் வழித்துத் தின்றிருக்கிறாள்!

"நல்லா இருக்காம்மா?" என்று பட்டாசு கவலையோடு எட்டிப் பார்த்தாள்.

"பட்டாணி எனக்குப் பிடிக்காது" என்றாள் அவள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒற்றை முள்கரண்டிக்காரர் பேனாவோடு ஓடி வந்தார். "பிடிக்காதுன்னா மேடம், ஓரளவுக்கா, இல்ல..."

"முழுசா" என்றாள் அவள்.

பட்டாசு கரண்டியை நீட்டி அந்தக் குவியலை அப்படியே தன் தட்டுக்கு வாரிக்கொண்டாள்.